கிட்டார் கேள்வி–பதில்: ஹெட்போனில் சுற்றிய சத்தம் சர்ச்சில் விக்குவது ஏன்?

சென்ற இதழில் டிஜிட்டல் ப்ராசஸர்களில் (கிட்டாரின் சத்தத்தை விதவிதமாக மாற்றித் தரும் பெட்டிகள்) இருக்கும் ட்ரெமலோவைப் பற்றி, அதாவது சத்தத்தின் அளவை ஏற்றி இறக்கும் எஃபெக்டைப் பற்றி, போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ட்ரெமலோவை விட்டுவிட்டு, சத்தத்தை இடது வலதாக ஓட்டும் பான் எஃபெக்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க இந்த இரண்டும்தான். பெயர் போட வேண்டாம் என்று சிலர் எழுதியிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

கே: மாஸ்டர், பழைய ப்ராசஸர் ஒன்று வாங்கினேன். அதில் பான் போட்ட பாட்ச் (சேமித்து வைத்த செட்டிங்) ஒன்று இருக்கிறது. ஹெட்போனில் கேட்டால் சத்தம் தலையைச் சுற்றி வருகிறது. அதையே சர்ச்சில் மிக்ஸரில் மாட்டினால் விக்கல் எடுத்ததுபோல விட்டுவிட்டு வருகிறது. ஒயரை மாற்றியும் அப்படியேதான். பெட்டி போச்சா?
— மார்த்தாண்டம்

ப: பெட்டி நன்றாகவே இருக்கிறது. நீங்கள் அதில் பாதியைத்தான் மிக்ஸருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று மேலே வந்தால் மற்றது கீழே போகும். பான் எஃபெக்ட் அதுதான். இடது பக்கத்துக்கு ஒரு ட்ரெமலோ, வலது பக்கத்துக்கு ஒரு ட்ரெமலோ. ஒன்றில் சத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். இரண்டு காதிலும் கேட்டால் சத்தம் நகர்வதாகத் தோன்றும். ஒரு காதை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், வெறும் ட்ரெமலோதான். சர்ச்சில் நடப்பதும் அதுதான். இடது வாளி மட்டும் வந்து போகிறது.

பெட்டியின் பின்னால் ஒரே ஓட்டைதான் இருக்கிறதென்றால், அது பெரும்பாலும் ஹெட்போனுக்கும் சேர்த்து வைத்த ஸ்டீரியோ ஓட்டையாக இருக்கும். அதில் சாதாரண மோனோ பி-38 பின்னைச் சொருகினால் இடது மட்டும் வெளியே வரும், வலது பின்னின் உடம்பில் பட்டு எர்த் ஆகிவிடும். நீங்கள் பத்து ஒயர் மாற்றினாலும் பத்தும் மோனோ ஒயர்தானே? ஸ்டீரியோ பின் ஒரு முனையிலும், இரண்டு மோனோ பின் மறுமுனையிலும் உள்ள ஒய் ஒயர் வேண்டும். பின்னால் இரண்டு ஓட்டை இருந்தால் ஒன்றில் ‘எல்/மோனோ’ என்று எழுதியிருக்கும். அதில் மட்டும் மாட்டி மற்றதைக் காலியாக விட்டால், பெரும்பாலான பெட்டிகள் தாங்களே இரண்டையும் கூட்டித் தந்துவிடும்.

கூட்டினால் பிரச்சினை தீருமா? விக்கல் நிற்கும். ஆனால் பானும் காணாமல் போகும். ஒரு வாளி இறங்கிய அளவு மற்றது ஏறுகிறதே, இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒரே அளவுதான். சில பெட்டிகளில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. சத்தம் நடுவைக் கடக்கும்போது தொய்வு தெரியக் கூடாது என்று இரண்டு பக்கத்திலும் 3 டெசிபல் மட்டுமே குறையும்படி செய்திருப்பார்கள். அதை மோனோவாகக் கூட்டினால் நடுவைக் கடக்கும்போதெல்லாம் 3 டெசிபல் கூடிவிடும். ஒரு சுற்றில் நடுவை இரண்டு தடவை கடக்க வேண்டும் அல்லவா? நீங்கள் நொடிக்கு ஒரு சுற்று வைத்தால் நொடிக்கு இரண்டு தடவை மெல்ல வீங்கி அடங்கும். கேட்பவருக்கு ரேட் தப்பிய ட்ரெமலோபோல இருக்கும்.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். தெற்கே ஒரு கொடை விழாக் கச்சேரி. இடைஇசையில் எனக்கு எட்டு பார் தனியாக வருகிறது. வீட்டில் ஹெட்போனில் இழைத்து இழைத்துச் செய்த பான் பாட்சை மிதித்தேன். மைக்செட் அண்ணன் பாய்ந்து மேடையேறி வந்து, பின் லூஸாக இருக்கிறது என்று நினைத்து, எட்டு பாரும் முடியும்வரை அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேடையில் அது ஒயர் பழுதான சத்தம்போலவே கேட்டது.

அதற்குப் பிறகு எந்த மேடைக்குப் போனாலும் முதல் கேள்வி: “மிக்ஸரிலிருந்து பாக்ஸுக்கு ஒரே லைனா, இரண்டு லைனா?” நம் ஊர் மண்டபங்களிலும் ஆலயங்களிலும் பெரும்பாலும் ஒன்றுதான். பாக்ஸ் எட்டு இருக்கும், எட்டிலும் ஒரே சத்தம்தான் வரும். அங்கே பான் வேண்டாம். அந்த பாட்சை இன்னொரு இடத்தில் நகல் எடுத்து, பானை நீக்கி, அதன் இடத்தில் ஆழம் 40 வைத்த ட்ரெமலோவைப் போட்டு, ‘சர்ச்’ என்றே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் கையால் அழுத்தி ஆட்டும் கம்பியும் ட்ரெமலோ, மாண்டலின்காரர் படபடவென்று மீட்டுவதும் ட்ரெமலோ, பெட்டியில் இருப்பதும் ட்ரெமலோ. மூன்றும் ஒன்றா?
— திண்டுக்கல்

ப: இல்லை. சுருதி ஆடினால் விப்ராட்டோ, சத்தத்தின் அளவு ஆடினால் ட்ரெமலோ. மாண்டலின்காரர் செய்வது ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுவது. அதுவும் பழைய, நியாயமான ட்ரெமலோதான்.

குழப்பத்தில் பெரும் பங்கு அமெரிக்காவில் கிட்டாரும் ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) செய்த லியோ ஃபெண்டருக்கு. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுருதியை ஆட்டும் கம்பிக்கு ட்ரெமலோ என்று பெயர் வைத்தார். மறு வருடம் வந்த ட்ரெமலக்ஸ் ஆம்பில் பெயரைச் சரியாகவே வைத்தார், அது சத்தத்தை ஆட்டியது. அப்புறம் 1960களில் டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப் ஆம்புகளில் அதே சத்த ஆட்டத்துக்கு ‘விப்ராட்டோ’ என்று அச்சடித்தார்கள். ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோவின் சூட்கேஸ் மாடலில் ‘விப்ராட்டோ’ என்ற குமிழைத் திருகினால் வருவதோ இடது வலதாக ஓடும் பான்! ஆகவே பெயரை நம்பாதீர்கள், காதை நம்புங்கள்.

இதே கடிதத்தின் கடைசியில், ட்ரெமலோ போட்டால் கமகம் மாதிரி வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வராது. கமகம் சுருதியின் வேலை, அதை விரல்தான் செய்ய வேண்டும்.

கே: என் பெட்டியின் ட்ரெமலோ மெனுவில் ஆப்டோ, பயஸ், ஹார்மோனிக் என்று மூன்று இருக்கின்றன. எனக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்கின்றன. எதை வைப்பது?
— மதுரை

ப: மூன்றும் ஒன்றாகக் கேட்பதற்குக் காரணம் நீங்கள் ஒற்றைத் தந்தியில் சோதித்தது என்று நினைக்கிறேன். ஒரு ஈ மைனர் கார்டை முழுசாக அடித்து, சாகும்வரை விட்டுக் கேளுங்கள்.

பெட்டியில் இருப்பவை பழைய கருவிகளின் நகல்கள். ஆரம்பத்தில் இது எவ்வளவு நாட்டு வைத்தியமாக இருந்தது தெரியுமா? 1940களில் டி ஆர்மண்ட் என்ற பெயரில் ஒரு பெட்டி விற்றது. உள்ளே சின்ன குடுவை, அதில் மின்சாரம் கடத்தும் திரவம், அதைக் குலுக்க ஒரு மோட்டார். திரவம் அலம்பி ஒரு முனையைத் தொடும்போதெல்லாம் சிக்னலில் கொஞ்சம் எர்த்துக்கு ஓடிவிடும், சத்தம் குறையும். அமெரிக்க கிட்டார் கலைஞர் போ டிட்லி கையாண்டது அந்தப் பெட்டியைத்தான். திரவம் வற்றிப் போனால் எஃபெக்டும் போய்விடும்.

ஆப்டோ என்பது 1960களின் நடுவில் வந்த ஃபெண்டர் ஆம்புகளின் முறை. ஒரு நியான் விளக்கும், வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ஒரு துண்டும் கறுப்பு உறைக்குள் எதிரெதிரே இருக்கும். விளக்கு மின்னும்போது சத்தம் தாழும். வெளிச்சத்துக்கு அந்தத் துண்டு சட்டென்று அசையும், இருட்டுக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஏற்றமும் இறக்கமும் சமமாக இருக்காது, கொஞ்சம் நறுக்கின மாதிரி இருக்கும். பயஸ் என்பது ப்ரின்ஸ்டன் போன்ற சின்ன ஆம்புகளின் முறை. பவர் வால்வின் பயஸையே, அதாவது வால்வு வேலை செய்யும் நிலையை வைக்கும் மின்னழுத்தத்தையே, ஆட்டிவிடுவார்கள். இது மெத்தென்று இருக்கும். மெதுவான பாட்டுக்கு நான் வைப்பது இதுதான்.

ஹார்மோனிக் மட்டும் வேறு ஜாதி. 1960களின் தொடக்கத்தில் வந்த பழுப்பு நிற ஃபெண்டர் ஆம்புகளில் இருந்தது. சத்தத்தைக் கீழ்ப்பகுதி, மேல்பகுதி என்று இரண்டாகப் பிரித்து, ஒன்று ஏறும்போது மற்றதை இறக்குவார்கள். மொத்த சத்தம் பெரிதாக மாறாது, நிறம் மட்டும் ஊசலாடும். மார்த்தாண்டத்துக்காரர் இதைக் கவனிக்க வேண்டும்: இங்கேயும் அதே இரண்டு வாளிதான், இடது வலதுக்குப் பதில் பேஸும் ட்ரெபிளும். அதனால் ஒரே லைன் உள்ள மண்டபத்திலும் இது அழியாது. மோனோவில் பானின் மயக்கம் கொஞ்சமாவது வேண்டுமென்றால் இதற்கு மேல் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கே: அண்ணா, ட்ரெமலோ ரேட் எவ்வளவு வைக்கணும்? ஒரு வீடியோவில் 5 என்கிறார்கள், இன்னொன்றில் 50 என்கிறார்கள்.
— கோவை, கல்லூரி மாணவர்

ப: முதல் ஆள் சொன்னது 5 ஹெர்ட்ஸ், நொடிக்கு ஐந்து ஆட்டம். இரண்டாவது ஆள் சொன்னது 100-இல் 50, அவருடைய பெட்டியில் குமிழ் நிற்கும் இடம். உங்கள் பெட்டியில் 50 வேறு வேகமாக இருக்கும். இரண்டையும் மறந்துவிட்டுப் பாட்டின் வேகத்திலிருந்து தொடங்குங்கள்.

பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) எண்ணை 60-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை தட்டு என்று வரும். 120 என்றால் 2. ஒரு தட்டுக்கு இரண்டு ஆட்டம் வேண்டுமென்றால் 4 ஹெர்ட்ஸ், நான்கு வேண்டுமென்றால் 8. அதற்கு மேலே போகப் போகப் படபடப்பு மறைந்து கரகரப்பு வந்துவிடும்.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஆறெட்டு. பாட்டு திஸ்ர நடையில் போகிறது, தட்டு நிமிடத்துக்கு 90. நொடிக்கு ஒன்றரைத் தட்டு, தட்டுக்கு மூன்று, ஆகவே 4.5 ஹெர்ட்ஸ் வேண்டும். நீங்கள் பெட்டியில் 90 என்று போட்டு, பழக்க தோஷத்தில் எட்டாம் பாக ஸ்வரப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் தட்டுக்கு இரண்டாக 3 ஹெர்ட்ஸ் வரும். மூன்றுக்கு மேல் இரண்டு ஓடும். ஒரு தவில்காரர் தெரிந்து செய்தால் அதற்குக் கைதட்டு கிடைக்கும். பெட்டி தெரியாமல் செய்தால் ட்ரம்மர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். மூன்று ஸ்வரம் போட்ட ட்ரிப்லெட் படம் இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் 4.5 என்று நேராகவே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ரிதம் பேடோ கிளிக்கோ இருக்கும் பாட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. ஆள் ட்ரம்ஸ் வாசிக்கும்போது நீங்கள் 100 வைத்திருக்க, உற்சாகத்தில் அவர் 102-க்குப் போனார் என்று வையுங்கள். தட்டுக்கு இரண்டு ஆட்டம் வைத்திருந்தால் ஏழரை நொடியில் ஏற்றம் இருந்த இடத்தில் இறக்கம் வந்து நிற்கும். (ஏழரை என்பது தற்செயல், சனி பகவானுக்கு சம்பந்தமில்லை.) அதனால் ஆள் வாசிக்கும் மேடையில் ஒன்று, தாளத்தைத் தட்டிக் காட்டினால் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் டேப் பட்டனைக் காலால் அடிக்கடி தட்டிக்கொண்டே இருங்கள், அல்லது தாளத்தோடு சேராத மாதிரியே 5, 6 ஹெர்ட்ஸில் ஆழத்தைக் குறைத்து வைத்துவிடுங்கள். நான் இரண்டாவது கட்சி.

கே: அண்ணை, ட்ரெமலோவை டிஸ்டார்ஷனுக்கு முன்னாலயா பின்னாலயா போட வேணும்? ரிவெர்ப் எங்க வரவேணும்?
— யாழ்ப்பாணம்

ப: டிஸ்டார்ஷன் என்பது உயரமாக வரும் அலைகளின் தலையைத் தட்டிச் சமப்படுத்தும் வேலை. அதற்கு முன்னால் ட்ரெமலோ போட்டால், நீங்கள் உண்டாக்கிய ஏற்ற இறக்கத்தையும் அது தட்டிச் சமமாக்கிவிடும். சத்தம் ஆடாது, கரகரப்பு மட்டும் கூடிக் குறையும். வெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் பின்னால்தான். லேசான ஓவர்டிரைவுக்கு முன்னால் போடுவதில் ஒரு தனி அழகு இருக்கிறது, அதையும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

ரிவெர்ப் (எதிரொலி) விஷயத்தில் பழைய ஃபெண்டர் ரிவெர்ப் ஆம்புகளில் ட்ரெமலோதான் கடைசி. ரிவெர்பின் வாலும் சேர்ந்து ஆடும். ட்ரெமலோவை முன்னால் கொண்டுவந்தால் ஆட்டத்தின் பள்ளங்களை ரிவெர்ப் நிரப்பிவிடும், நறுக்கென்று வைத்ததும் நீரில் நனைந்த மாதிரி ஆகும். பிழை என்று எதையும் சொல்ல மாட்டேன்.

பானுக்கு மட்டும் ஒரு கண்டிப்பான விதி. அதற்குப் பின்னால் மோனோ எஃபெக்ட் எதையும் வைக்கக் கூடாது. பல பெட்டிகளில் கம்ப்ரெஸர், ஆம்ப் மாடல் போன்றவை மோனோவாக இருக்கும். பானை முன்னால் வைத்தால் அவை இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடும். திரையில் பான் எரிந்துகொண்டே இருக்கும், காதுக்கு ஒன்றும் வராது. ஸ்டீரியோ ரிவெர்ப் பின்னால் வரலாம்.

கே: எல்லாப் பாட்டுக்கும் ட்ரெமலோ போடலாமா?
— கரூர்

ப: கச்சேரிக்கு இரண்டு பாட்டு. மூன்றாவதில் ஜனங்கள் மைக்செட்டைத் திரும்பிப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

கே: ட்ரெமலோவை மிதித்ததும் கிட்டார் பின்னால் போய்விடுகிறது. லெவலைக் கூட்டினால் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று திட்டு விழுகிறது.
— தூத்துக்குடி

ப: இரண்டுமே கணக்குப்படி சரி. ஆழம் முழுசாக வைத்த வழவழப்பான ட்ரெமலோவில் மொத்த சக்தி சுமார் 4 டெசிபல் குறையும். ஆனால் அலையின் உச்சி பழைய உயரத்திலேயே இருக்கிறது. 4 டெசிபலையும் லெவலில் கூட்டினால் உச்சியும் 4 கூடிச் சிவப்பைத் தொடத்தான் செய்யும். ஆழத்தைப் பாதியாக்குங்கள். குறைவது 2 டெசிபலுக்குச் சற்று மேல்தான், அதை மட்டும் கூட்டினால் போதும், மைக்செட்காரருக்கும் தூக்கம் வரும். பாதி ஆழம் வீட்டில் போதாததுபோலத் தெரியும். மேடையில் போதும்.

கே: ட்ரெமலோவில் ஸ்கொயர் வேவ் (ஏறி இறங்காமல் சட்சட்டென்று வெட்டும் வடிவம்) வைத்தால் டிக் டிக் என்று பூச்சி கடிக்கிற சத்தம். பெட்டியில் பழுதா?
— சேலம்

ப: சத்தத்தை ஒரே நொறுக்கில் வெட்டினால் வெட்டுவாயில் டிக் வரும். பழுதில்லை. ‘ஷேப்’ என்ற குமிழ் இருந்தால் ஸ்கொயரிலிருந்து கொஞ்சம் பின்னால் இழுங்கள், அல்லது ட்ரையாங்கிள் வையுங்கள். நின்ற பிறகும் ட்ரெமலோவின் பள்ளங்களில் உம்ம் என்று ஹம் கேட்டால் அது வேறு கதை: ஹம்மும் சேர்ந்து ஆடினால் அது ட்ரெமலோவுக்கு முன்னாலிருந்து, அதாவது கிட்டாரிலிருந்தோ அதன் ஒயரிலிருந்தோ வருகிறது. ஆடாமல் நிலையாக நின்றால் பெட்டிக்குப் பின்னால் தேடுங்கள்.

கே: இரண்டு ஆம்ப் வாங்கி மேடையின் இரண்டு ஓரத்திலும் வைத்தால் பான் எஃபெக்ட் ஜனங்களுக்குக் கேட்குமா?
— புதுச்சேரி

ப: நடு வரிசைக்குக் கேட்கும். இடது ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு ட்ரெமலோ. வலது ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் ட்ரெமலோ, ஆனால் எதிர் நேரத்தில். இரண்டு ஆம்ப் வாங்கும் பணத்தைத் தாராளமாக வேறெதிலாவது போடலாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஆழத்தை 50-க்கு மேல் ஏற்றாதீர்கள், எந்தப் பக்கமும் முழுக்கக் காலியாகக் கூடாது. ரேட் இரண்டு நொடிக்கு ஒரு சுற்று போதும். இரண்டு ஆம்புக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். வேறு வேறு பிளக்கிலிருந்து எடுத்தால் ஹம்மும் வந்து சேரும்.

கே: ஐயா, எங்கள் குழுவில் ஒரு மர்மம். ட்ரெமலோவை அணைத்துவிட்டேன், பெட்டியையே கழற்றிவிட்டேன். ஆனாலும் கீபோர்டுக்காரர் கூடச் சேர்ந்து நீளமான ஸ்வரம் வாசிக்கும்போது மட்டும் ட்ரெமலோ வருகிறது. தனியாக வாசித்தால் இல்லை.
— நாகர்கோவில்

ப: இந்த மாதத்தின் அருமையான கேள்வி இதுதான். கூட வாசித்தால் வருகிறது, தனியாக இல்லை என்று நீங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள்.

முதல் தந்தியில் ஐந்தாவது கட்டையை அழுத்தி வாசியுங்கள். அது 440 ஹெர்ட்ஸ். கீபோர்டுக்காரர் அதே ஸ்வரத்தைப் பிடிக்கட்டும். இருவரும் கச்சிதமாகச் சேர்ந்திருந்தால் சத்தம் அசையாமல் நிற்கும். அவர் 442-இல் இருந்தால் இரண்டு அலைகளும் சேர்ந்தும் விலகியும் நொடிக்கு இரண்டு தடவை சத்தம் ஏறி இறங்கும். எந்தப் பெட்டியும் இல்லாமல் 2 ஹெர்ட்ஸ் ட்ரெமலோ! இப்போது ஐந்தாம் தந்தியை வெறுமையாக மீட்டுங்கள், அது 110. கீபோர்டில் அதே ஸ்வரம் 110.5. ஆட்டம் இரண்டு நொடிக்கு ஒன்றாகக் குறைந்துவிடும். ஸ்வரம் கீழே போகப் போக ஆட்டம் மெதுவாகிறதா என்று பாருங்கள். பெட்டியின் ட்ரெமலோ எந்த ஸ்வரத்துக்கும் ஒரே வேகத்தில்தான் ஆடும், இது மட்டும்தான் ஸ்வரத்தோடு மாறும்.

பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஏதோ ஒரு கச்சேரியில் புல்லாங்குழலுக்கோ நாதஸ்வரத்துக்கோ சேர்வதற்காகக் கீபோர்டின் மாஸ்டர் ட்யூனை (மொத்த சுருதியையும் நகர்த்தும் செட்டிங்) லேசாக ஏற்றியிருப்பார், திருப்பி வைக்க மறந்திருப்பார். சண்டை போடாமல், இடைவேளையில் டீ குடிக்கும்போது, அந்த எண்ணை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அதில் 440.0 என்று இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு உங்கள் ட்யூனருக்கு புது பேட்டரி போடுங்கள். அப்புறம் ட்யூனரிலும் அந்த 440 எண்ணைப் பாருங்கள். பையில் கிடக்கும்போது பட்டன் அழுந்தி அதுவும் மாறியிருக்கும்.